‘போர்டு’ என்ற சொல்லும் ஒரு பை நிறைய டப்பாக்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் புற்றுநோய்க்கென்றே ‘போர்டு சர்டிஃபைடு’, அதாவது வாரியச் சான்று பெற்ற, இயற்கை மருத்துவர்கள் இருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சியாட்டில் பக்கம் ஒரு மருத்துவமனையில் கீமோ மருந்து கலக்கும் பிரிவில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டுரையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பெட்டிச் செய்தியில் அவர்களைப் ‘புற்றுநோய் நிபுணர்கள்’ என்று போட்டிருந்தீர்களே, அதுதான் உறுத்தியது.

நமக்கு வாரியம் என்றாலே மின்வாரியம், தேர்வு வாரியம், ஆக அரசாங்கம். அமெரிக்காவில் அப்படியில்லை. உரிமம் கொடுப்பது மாநில அரசு, போர்டு சான்று கொடுப்பது அந்தந்தத் துறைக்காரர்களே நடத்தும் அமைப்பு. கீமோ எழுதும் ஆங்காலஜிஸ்டின், அதாவது புற்றுநோய் மருத்துவரின், போர்டும் தனியார் அமைப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் நான்கு வருட மருத்துவப் படிப்பு, மூன்று வருடப் பொது மருத்துவப் பயிற்சி, அதன் மேல் இரண்டு மூன்று வருடம் புற்றுநோய் வார்டு என்று இரவும் பகலும் நோயாளிகளோடு கழித்த பிறகே அந்தத் தேர்வில் உட்கார முடியும். அமெரிக்க மருத்துவச் சிறப்பு வாரியங்களின் கூட்டமைப்பில் 24 வாரியங்கள் இருக்கின்றன. இயற்கை மருத்துவ வாரியம் அதில் இல்லை.

நேச்சுரோபதிக்காரர்கள், அதாவது இந்த இயற்கை மருத்துவர்கள், 2004-ல் புற்றுநோய்க்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். அதையொட்டி வந்ததுதான் ‘ஃபாப்னோ’ (FABNO) என்கிற புற்றுநோய்ச் சிறப்புச் சான்று. நான்கு வருட நேச்சுரோபதிப் படிப்பும் மாநில உரிமமும் உள்ளவர், புற்றுநோயாளிகளிடம் சிறப்புப் பயிற்சியோ போதிய அனுபவமோ பெற்று, தேர்வு எழுதினால் அந்த ஐந்து எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். நம் ஊர் இயற்கை மருத்துவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். அங்கே மண் பட்டி, வாழை இலைக் குளியல், உபவாசம். இங்கே மூலிகை மாத்திரை, ஹோமியோபதி, சில மாநிலங்களில் நரம்பில் ஏற்றும் வைட்டமின் ஊசி வரைக்கும் உண்டு. பெயர்தான் ஒன்று.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு இரினோடெகான் என்ற கீமோ மருந்தைத் தொடங்க வேண்டிய நம் ஊர் அம்மா ஒருவர், வீட்டில் சாப்பிடுவதையெல்லாம் எடுத்து வரச் சொன்னதும், காஞ்சிபுரம் பட்டுக்கடைப் பை ஒன்றை மேசையில் கவிழ்த்தார். பதினோரு டப்பா. ஒன்பதாவது டப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், அதாவது மனச்சோர்வுக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு மஞ்சள் பூச்செடியின் சாறு. ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அது முடுக்கிவிடும். நெதர்லாந்தில் 2002-ல் வெளியான சின்ன ஆய்வு ஒன்றில், இதைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் இரினோடெகானின் வேலை செய்யும் வடிவம் 42 சதவீதம் குறைந்திருந்தது. கீமோவின் பக்கவிளைவுகளையும் தாங்கிக்கொண்டு, மருந்தில் பாதியை வீணாக்குவது போலத்தான். “ஏம்மா, இலைதானே, இது என்ன பண்ணிடும்?” என்றார் அந்த அம்மா. எழுதிக் கொடுத்தவர் உரிமம் உள்ள நேச்சுரோபத். ஆனால் ஃபாப்னோ இல்லை, எங்களுக்கு ஒரு போன்கூடப் போட்டதில்லை.

அப்புறம், ஃபாப்னோ வைத்திருந்த இன்னொருவரும் எனக்கு நினைவுக்கு வருகிறார். ஊசி வழியாக வைட்டமின் சி கொடுப்பதற்கு முன்னால் எங்கள் பிரிவுக்கே கூப்பிட்டு, “ஜி6பிடி பார்த்தாச்சா?” என்று கேட்பார். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் நொதி. அது குறைவாக உள்ளவருக்கு அதிக அளவில் வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும். சர்க்கரை நோயாளி என்றால் இன்னொரு எச்சரிக்கையும் சொல்வார். ஊசி போட்ட பிறகு விரலைக் குத்திப் பார்க்கும் சில கருவிகள் வைட்டமின் சியையும் குளுக்கோஸ் என்று எண்ணி, இல்லாத சர்க்கரையைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆள் மயங்கி விழுவார். வைட்டமின் சி புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நான் நம்பவில்லை. வாய் வழியாகக் கொடுத்து மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனை 1979-லும் 1985-லும் வெளியிட்ட சோதனைகள் இரண்டிலுமே பலன் தெரியவில்லை. இருந்தாலும் இந்த மனிதர் கேட்க வேண்டியதைக் கேட்டார். சான்றுக்காகப் படித்தது அவருக்கு அந்த அளவுக்காவது உதவியிருக்கிறது. அதனால்தான் ‘எல்லாமே ஏமாற்று’ என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் சங்கமே வெளியிட்ட வழிகாட்டுதலிலும், தங்கள் வேலை வழக்கமான சிகிச்சையோடு சேர்ந்து நடப்பது, அதற்கு மாற்று அல்ல என்றுதான் இருக்கிறது. காகிதத்தில் சரி. ஆனால் 2018-ல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. முதலாவது, பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரைப் பற்றியது. அவர்கள் இறக்கும் அபாயம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு. இரண்டாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. வழக்கமான சிகிச்சையில் ஏதாவது ஒன்றையாவது எடுத்துக்கொண்டு ‘கூடவே இதையும்’ என்று போனவர்களிலும் அபாயம் இரண்டு மடங்கு. காரணம் மூலிகையின் விஷம் இல்லை. அவர்களில் அதிகம் பேர் அறுவை, கீமோ, கதிர்வீச்சு இவற்றில் ஏதோ ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ‘கூடவே’ என்று ஆரம்பித்தது பல வீடுகளில் ‘பதிலாக’ என்று முடிந்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருந்தாலும், அந்த இடத்தில் ‘கீமோவை விடாதீங்க’ என்று நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்கிறாரா என்பதுதான் எனக்குக் கேள்வி.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் உங்கள் இதழைப் படிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். டெக்சாஸில் நேச்சுரோபத்துகளுக்கு மாநில உரிமமே கிடையாது. வாஷிங்டனிலும் ஆரிகனிலும் உண்டு. ஆகவே டெக்சாஸில் ஒருவர் சான்றைச் சுவரில் மாட்டியிருந்தால், உரிமம் எந்த மாநிலத்தில் என்று கேட்டுவிடுங்கள். கொடுக்கும் டப்பாக்களின் பட்டியலை எழுதி ஆங்காலஜிஸ்டுக்கு அனுப்புவாரா என்றும் கேளுங்கள். தயங்கினால், அங்கே கிளினிக்கிலேயே டப்பா விற்கிறாரா என்று சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். நான் போன சில இடங்களில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலேயே அலமாரி இருந்தது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட முடியுமானால், ‘புற்றுநோய் நிபுணர்கள்’ என்பதை எடுத்துவிட்டு ‘புற்றுநோயாளிகளுக்குத் துணைச் சிகிச்சை தரும் நேச்சுரோபத்துகள்’ என்று போடுங்கள். நீளம்தான், பெட்டியில் இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்