கடைமடையில் ஒரு வரி

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. சோம்பல் பாதி, வேலை பாதி. காந்திமதி அம்பாள் திருக்கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டீர். உம் பங்கு அல்வாவை நானே தின்று கணக்கைத் தீர்த்துவிட்டேன். உம் அப்பாவைப் பார்த்தேன். பிசானச் சாகுபடிக்கு நாற்றுப் பாவிவிட்டார். தண்ணீர் இன்னும் கடைமடைக்கு எட்டவில்லை என்று மேல்மடைக்காரர்களை அரை மணி நேரம் திட்டினார். குரல் திடமாக இருக்கிறது, கவலை வேண்டாம்.

எந்த முகவரி எந்த நிரலுக்குப் போகும் என்று தீர்மானிக்கும் ரௌட்டிங்குக்குக்கூட டெஸ்ட் எழுதுவார்களா என்று கேட்டிருந்தீரே! போன மாதம் கேட்டிருந்தால் நானும் உம்மோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

ஒரு புத்தகக் கடைக்கு ரெயில்ஸ் என்ற மென்பொருள் கட்டமைப்பில் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறோம். அதில் ‘புக்ஸ்/சர்ச்’ என்ற முகவரி தேடல் பக்கத்துக்குப் போக வேண்டும். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு இந்த வழிகளைப் பட்டியலிடும் ரௌட்ஸ் கோப்பு அலங்கோலமாகத் தெரிந்திருக்கிறது. பல வழிகளை ஒரே வரியில் அமைக்கும் ‘ரிசோர்சஸ்’ வரிகளையெல்லாம் மேலே தூக்கி வைத்து, கையால் எழுதிய தனி வரிகளைக் கீழே அடுக்கிவிட்டான். பார்க்க அழகுதான். மறுநாள் காலையில் கடைக்காரர் போனில் வந்தார்: எந்தப் புத்தகத்தைத் தேடினாலும் 404, பக்கம் இல்லை என்ற பிழை.

நான் தேடல் நிரலைத் தோண்டினேன், தரவுத்தளத்தைத் துழாவினேன், மதியம் ஆகிவிட்டது. பிறகுதான் சர்வரின் பதிவேடான லாகை ஒழுங்காகப் படித்தேன். கோரிக்கை தேடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகங்களைக் கவனிக்கும் நிரல் தொகுதியான புக்ஸ் கன்ட்ரோலரில், ஒரு புத்தகத்தைக் காட்டும் வேலையான ஷோ ஆக்‌ஷனில் போய் நின்றிருக்கிறது, புத்தகத்தின் அடையாளமான ஐடி ‘சர்ச்’ என்று! அப்படி ஒரு ஐடியில் புத்தகம் எங்கே இருக்கும்?

ரெயில்ஸ் கோப்பை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். ‘ரிசோர்சஸ் புக்ஸ்’ என்ற ஒற்றை வரி ஏழு ஆக்‌ஷன்களுக்கு வாய்க்கால் வெட்டுகிறது. அவற்றில் ஷோவுக்கான வாய்க்கால், ‘புக்ஸ்/’ என்பதற்குப் பின்னால் எந்தச் சொல் வந்தாலும் ஐடி என்று குடித்துவிடும். உம் அப்பா திட்டும் மேல்மடைக்காரன் இவன்தான்.

வரியைப் பழையபடி மேலே ஏற்றலாம். நாளை இன்னொருவன் இறக்குவான். அதனால் ரிசோர்சஸ் தொகுதிக்குள்ளேயே, மொத்தப் பட்டியலுக்கான வழிகளை எழுதும் இடமான கலெக்‌ஷன் வழியாக எழுதிவிட்டேன். உள்ளே எழுதியவை ஷோவுக்கு முன்னரே பதிவாகிவிடும். கூடவே ‘அசர்ட் ரௌட்டிங்’ என்ற சோதனைக் கட்டளை கொண்டு ஒரு டெஸ்ட்: இந்த முகவரி, இந்தக் கன்ட்ரோலர், இந்த ஆக்‌ஷன். முகவரியைக் கொடுத்தால் சரியான ஆக்‌ஷன் வருகிறதா, ஆக்‌ஷனைக் கொடுத்தால் அதே முகவரி வருகிறதா என்று இரு பக்கமும் அது பார்க்கிறது. தம்பி அடுக்கிய கோப்பின் மேல் ஓட்டிப் பார்த்தேன், உடனே சிவப்பு, அதாவது தோல்வி. அரை நாள் போனது எனக்கு வயிற்றெரிச்சல். (தகவலை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை என்றால் அந்த வகையை, அதாவது மெத்தடையும் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் பக்கத்தைக் கேட்கும் கெட் என்றே எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு தடவை ஏமாந்தேன்.)

தம்பிக்கு உற்சாகம் வந்து, எல்லாக் கன்ட்ரோலருக்கும் ஏழேழு டெஸ்ட் எழுதிக் குவித்துவிட்டான். பாதிக்கு மேல் நீக்கச் சொன்னேன். ரிசோர்சஸ் ஏழு வழி வெட்டுகிறதா என்று பார்ப்பது ரெயில்ஸ்காரர்கள் பாடு. நாம் கையால் எழுதிய வரிக்கும், ஒன்றோடொன்று மோதக்கூடிய வரிக்கும் எழுதினால் போதும் என்பது என் கட்சி. இன்னொன்று: அந்தப் பெயரில் ஆக்‌ஷன் உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இந்த டெஸ்ட் பார்க்காது. தண்ணீர் இந்த வாய்க்காலில் திரும்பியது என்று மட்டும் சொல்லும். வயல் நனைந்ததா என்று பார்க்கத் கோரிக்கையைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஓட்டிப் பார்க்கும் இன்டெக்ரேஷன் டெஸ்ட் தனியாக வேண்டும். நீர் அதை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறீர் என்றால் சண்டைக்கு வர மாட்டேன்.

பொங்கலுக்காவது வருவீரா என்று அப்பா கேட்கச் சொன்னார். நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் எடுத்துவிடும். ஜங்ஷனுக்கு நான் வண்டியோடு வருகிறேன்.

உம்முடைய
பழைய பெஞ்சுக் கூட்டாளி