தந்தையாரின் பாட்டனார் இறந்த தேதியைப் பழைய பதிவேட்டில் தேடித் தரக் கோரும் மனு

அனுப்புநர்: பொத்தோங் பாசிர் குடியிருப்பாளர் (பெயர், முகவரி முந்தைய விண்ணப்பங்களில் உள்ளபடி)

பெறுநர்: பழைய பதிவேடுகள் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள், சிங்கப்பூர்

பொருள்: 1936ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் காலமான மாட்டுக்கொட்டில்காரர் ஒருவரின் இறப்புப் பதிவைத் தேடித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அனுப்பிய கடிதங்களும் இணையப் படிவங்களும்.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பார்வையில் கண்டவற்றுக்கு இன்றுவரை உருப்படியான பதில் எதுவும் வரவில்லை. ஆகவே கீழ்நிலையில் மேலும் அலையாமல், தங்கள் நேரடிக் கவனத்திற்கே இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. என் தந்தையாரின் பாட்டனார் சீர்காழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏர் பிடித்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கு வந்தார். பொத்தோங் பாசிர் பள்ளத்தில் நிலம் வாடகைக்கு எடுத்துக் கறவை மாடுகள் வைத்திருந்தார். கொட்டிலுக்குப் பின்னால் கீரைப் பாத்தி. அந்த வட்டாரம் தாங்கள் அறியாததன்று. 1978 டிசம்பர் பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களில் பெரும்பகுதி அன்றே கூழாகிவிட்டது.

2. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, 1931ஆம் ஆண்டு தேதியிட்ட மாட்டுக்கொட்டில் உரிமச் சீட்டு. மற்றது பால் கணக்கு நோட்டு. பென்சிலில் தமிழ் எண்களில் எழுதிய வரவு செலவு. நடுநடுவே "செவலை சினை", "புண்ணாக்குப் பாக்கி" என்று குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து மாறுகிறது. பெரியவரின் மகன், அதாவது என் தாத்தா, மசியால் எழுதியிருக்கிறார்: "தாது ௵ ஐப்பசி ௴". அதை அடுத்துப் பூச்சி அரித்த ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் "௳ அப்பா சிவபதவி அடைந்தார்". வருடம் இருக்கிறது, மாதம் இருக்கிறது. நாள்தான் பூச்சியின் வயிற்றுக்குப் போய்விட்டது.

3. தங்கள் பிரிவின் முகப்பில் கேட்கப்படுவது அந்த நாளைத்தான். "சரியான இறப்புத் தேதி இல்லாமல் தேட இயலாது" என்கிறார்கள். ஐயா, தேதி தெரிந்தால் நாங்கள் ஏன் தங்கள் வாசலுக்கு வருகிறோம்? தாது வருடம் என்று படிவத்தில் எழுதினேன். அப்படியோர் ஆண்டு கணினியில் இல்லை என்று பதில் வந்தது. 1936 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1937 ஏப்ரல் நடுவில் முடிந்த ஆண்டு அது. ஐப்பசி என்பது அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. இதை விளக்கி எழுதினேன். அதற்கு முந்திய தாதுவாக ஏன் இருக்கக்கூடாது என்று ஓர் அலுவலர் கேட்டார். அது 1876, தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. 1931இல் உரிமம் வாங்கியவர் 1876இல் இறந்திருக்க முடியாது என்பதை அரசாங்க அலுவலகத்தில் எழுத்துமூலம் நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு.

இன்னொருவர் "கல்லறையில் தேதி பொறித்திருக்குமே, போய்ப் பாருங்கள்" என்றார். பெரியவரை அடக்கம் செய்தது பிடாடரியில், இந்துக்கள் பகுதியில். அந்த மயானத்தை 2001 முதல் 2006 வரை தோண்டியெடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளும் இருக்கின்றன. எந்த புளோக்கின் அடியில் போய்ப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

4. ஊர்ப் பக்கத்திலும் தேடினோம். அந்தக் கிராமம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினத்துக்குப் போனது, 2020இல் மயிலாடுதுறைக்குப் போனது. ஊர்க் கணக்கெழுதிய கர்ணம் பதவியை 1980இலேயே ஒழித்துவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அங்கிருந்த கிராம நிர்வாக அலுவலர் பழைய நிலப் பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, பெரியவரின் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் காட்டினார். எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கும் இந்த ஊரில்தான் கதவு திறக்கவில்லை.

5. எங்களுக்கு இது வெறும் வம்சாவளி ஆராய்ச்சி அன்று. என் தந்தையாருக்கு 84 வயது. இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்வது வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் என் தந்தையார் தம் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் அந்த அமாவாசையில்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். தகப்பனார் விஷயத்தில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. அவரை 1943இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அந்தக் காட்டில் செத்தவர்களுக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? ஆனால் பாட்டனார் இந்த ஊரில், சொந்தக் கொட்டிலில், மகன் பக்கத்தில் இருக்க இறந்தவர். அவருக்குத் தேதி இருக்கிறது. 1872 முதலான இறப்புப் பதிவுகள் சிங்கப்பூரில் இருக்கின்றன. இவருடையதும் அவற்றில்தான் இருக்க வேண்டும். தேதி உள்ளவரைத் தேதி இல்லாதவராக நடத்துகிறோமே என்று ஒவ்வோர் ஆண்டும் சடங்கு முடிந்து எழுந்ததும் என் தந்தையார் கேட்கிறார். குருக்கள் என்னைப் பார்க்கிறார். நான் யாரைப் பார்ப்பது? தேதியை மட்டும் கொடுங்கள், பக்கமும் திதியும் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்கிறார் குருக்கள். ஐந்து நிமிட வேலைக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்கிறோம்.

6. தேசிய நூலகத்தில் அந்த மாதத்துத் தமிழ் முரசையும் பார்த்தாயிற்று. பால்காரர் இறந்த செய்தியை யார் போடப்போகிறார்கள்!

7. பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கணினியில் பெயரைத் தட்டி "பதிவு இல்லை" என்று சொல்வது தேடுவதாகாது. ஒரு மாதப் பதிவுகள், ஐயா. அவற்றில் ஆண்கள், அவர்களில் இந்தியர்கள், அவர்களில் இந்த வட்டாரத்தில் வசித்தவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் எத்தனை பெயர் மிஞ்சும்? ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்தால் போதும். ஆள் இல்லையென்றால் என்னை அனுமதியுங்கள். தங்கள் அலுவலர் முன்னிலையில், பையைப் பூட்டி வைத்துவிட்டு, கையுறை அணிந்து பார்க்கிறேன். தேடுதல் கட்டணம் எவ்வளவானாலும் கட்டுகிறேன்.

ஆகவே, 1936 அக்டோபர் 10 முதல் நவம்பர் 20 வரையிலான பதிவுகளை, பெயரை மட்டும் நம்பாமல் வசிப்பிடத்தையும் தொழிலையும் வைத்துத் தேட உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் சில நாள் கூட்டியே கேட்கிறேன். தேடியும் கிடைக்கவில்லையென்றால் அதையாவது ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்; தந்தையாரிடம் காட்டுகிறேன். தானியங்கி மின்னஞ்சல் மட்டும் இனி வேண்டாம்.

அடுத்த ஐப்பசி பிறப்பதற்குள் ஆவன செய்யுமாறு மீண்டும் வேண்டுகிறேன். உரிமச் சீட்டின் நகலையும் நோட்டின் கடைசிப் பக்கப் படத்தையும் இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன். முன்பு அனுப்பியவை எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர், தம் தந்தையாருக்காகவும்