அக்காவுக்கு, கம்பளிக்கு இந்தப் பக்கத்திலிருந்து

அக்கா,

அப்பாவின் முதல் தெவசம் போன வாரம் முடிந்தது. நீ வரவில்லை. ஏன் என்று இங்கே கேட்க மாட்டேன். நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். சில பேரை எழுதாமல் விடுவதும் அதனால்தான்.

அன்று ராத்திரி 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படம் பார்த்தேன். அப்பா பக்கத்தில் இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெளியே மழை பெய்ய, வீட்டை விட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணோடு ஒரே அறையில் தங்க நேர்ந்த கிளார்க் கேபிள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டிக் கம்பளியைத் தொங்கவிடுவாரே, அங்கே அப்பா சத்தத்தைக் கூட்டி வைப்பார். "ஊமைப்படத்துல இத எடுக்க முடியுமாடா? ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல, குரல் மட்டும் அந்தப் பக்கம் போகுது பாரு." 1934-இல் வந்த படம். சினிமா பேச ஆரம்பித்து ஏழு வருஷத்திலேயே இயக்குநர் ஃப்ராங்க் காப்ராவுக்கு அது பிடிபட்டிருந்தது. கடைசியில் ஜோடியைக் காட்டவே மாட்டார். பொம்மை ஊதல் சத்தம் கேட்கும், கம்பளி தரையில் விழும்.

எனக்குத் தொண்டையில் நின்றது கல்யாணக் காட்சி. வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்க மகளைக் கைபிடித்து அழைத்துப் போகிற அவள் அப்பா, நடந்துகொண்டே காதோரம் சொல்கிறார்: அந்தக் கேபிள், உன்னைக் கண்டுபிடிக்க நான் அறிவித்த பத்தாயிரம் டாலர் பரிசைக் கேட்கவில்லை, கைக்காசு செலவான 39 டாலர் 60 சென்ட்தான் கேட்டான், உன் கார் தயாராக நிற்கிறது, ஓடு. கிளாடெட் கோல்பெர்ட் முக்காடு பறக்க ஓடுவாள். நீ வீட்டில் இருந்தபோது ஒருநாள் அப்பா ரீவைண்ட் செய்து மூன்றாவது தடவை போட்டபோது நீ டிவியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாய். உரித்த வேர்க்கடலை உன் உள்ளங்கையிலேயே இருந்தது. அப்புறம் கிணற்றடியில், "அப்பா புரிஞ்சுப்பார்டா, நானே சொல்லிடறேன்" என்றாய்.

நீ சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு. பதினாறு வயது எனக்கு. அவர் சந்தோஷமாக இருக்கும்போதே காதில் போட்டுவிட்டால் உனக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். நீ சொல்லியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். நடந்திருக்காதோ என்றும் சில ராத்திரி தோன்றுகிறது.

ஆனால் நீ போன பிறகு அந்த வீட்டில் அவரோடு இருந்தது நான். கடைசியில் மூத்திரப் பை மாற்றியதும் நான். ஒரு போன் பண்ண உனக்கு மனசு வரவில்லை.

நீ போன பிறகும் அந்தப் படத்தைப் போடுவார், அக்கா. கல்யாணம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு எழுந்து போவார்.

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. கார் நிற்கிறது என்று சொல்லும் இடத்தில் தேய்ந்து கோடு கோடாக ஓடும். உனக்கே அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டேன். விலாசம் மாறியிருந்தால் சொல்.

தம்பி