விரல் வைக்கும் நேரத்தில் நான் கண்மாயில் இருந்தேன், ஐயா

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. கடந்த மூன்று மாதங்களில் 11 நாட்கள் குறித்த நேரத்துக்குள் விரல்ரேகை வைக்கவில்லை, அந்த 11 நாட்களும் விடுப்பில் கழிக்கப்படும், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. "ஆய்வுக்குத் தொடர்பில்லாத வெளிப்பணிகளில் ஈடுபடுவதாகத் தெரியவருகிறது" என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. என் விளக்கத்தை அன்றைக்கே துறைத்தலைவர் வழியாகக் கொடுத்துவிட்டேன். ஆனால் இதே மெமோ எங்கள் விடுதியில் மட்டும் ஆறு பேருக்கு வந்திருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

ஆய்வாளர்கள் காலை 9.45 மணிக்குள்ளும் மாலை 5 மணிக்குப் பிறகும் விரல் வைக்க வேண்டும், சனிக்கிழமையும் முழுநாள் என்று சொல்லும் சுற்றறிக்கையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். வெளிக்களத்துக்குப் போகும் நாட்களில் நெறியாளர் கையெழுத்திட்ட களப் பதிவேட்டையே வருகையாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்த 11 நாட்களும் நான் எங்கே இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வைகைப் பாசனத்தில் இருக்கும் மூன்று கண்மாய்களில் ஆகாயத்தாமரை மண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது, மீன்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் ஆய்வு. பகலில் வெயில் இருக்கும்வரை தண்ணீருக்குள் இருக்கிற பாசியும் செடிகளும் ஆக்சிஜனை விடும். இரவில் அவையும் மூச்சு விட வேண்டும், மீனும் மூச்சு விட வேண்டும். அதனால் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்னால்தான் அடிமட்டத்துக்குப் போகும். மீன் சாவது அந்த நேரத்தில்தான். பத்து மணிக்குப் போய் அளந்தால் எல்லாக் கண்மாயும் நலமாகத்தான் இருக்கும்.

மாதம் நான்கு நாட்கள் நான் மாதிரி எடுக்கிறேன். விடுதிக் கதவு காலை 6 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தின நாள் மாலையே ஊருக்குப் போய், அங்கே ஒரு அத்தை வீட்டில் படுத்துக்கொள்வேன். நாலரைக்கு அத்தை கடுங்காப்பி கொடுத்து எழுப்பிவிடுவார். மாமா லாரி டியூப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். மடைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, 300 மில்லி கண்ணாடிக் குப்பியைக் காற்றுக் குமிழி ஒன்றுகூட ஏறாமல் நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு சல்பேட், அப்புறம் கார அயோடைடு சேர்க்க வேண்டும். மூடியை அழுத்திக் குப்பியைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டினால் வீழ்படிவு இறங்கும். பழுப்பாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் இல்லை. ஆகாயத்தாமரை அடர்ந்த மூலையில் எடுத்த குப்பியில் அது வெள்ளையாக நின்ற காலையில், டார்ச் வெளிச்சத்தில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்தன. விரால் மட்டும் நிம்மதியாக ஓடியது. அதற்குக் காற்றிலிருந்தும் மூச்செடுக்கத் தெரியும். "மீனுக்கு மூச்சு முட்டுது, பாத்தியா" என்றார் மாமா.

மூன்று கண்மாயையும் முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி நான் வளாகத்துக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றாகிவிடும். குப்பிகளைக் கொண்டுபோய் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து, ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிட்டு முடிக்கும்போது மூன்று மணி இருக்கும். அந்த நாள் முழுக்க நான் வரவில்லை என்று உங்கள் கருவி சொல்கிறது.

எங்களுக்கு வருடத்துக்கு 30 நாட்கள்தான் விடுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். கோடை விடுமுறை முதலான எந்த நீண்ட விடுமுறையும் எங்களுக்குக் கிடையாது. மூன்று மாதத்தில் 11 என்றால் வருடத்துக்கு 44. என் ஆய்வுக்கே நான் விடுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஐயா! அதுவும் போதவில்லை.

போன மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. வெள்ளிக்கிழமை. ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். "ஏற்கெனவே நிறைய நாள் போயிருக்கேம்மா, இதுக்கு மேல எழுதினா உனக்குத்தான் கஷ்டம்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஐந்து மணிக்கு விரல் வைத்துவிட்டு ஓடி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. பந்தி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய், அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். வலது கை நிறைய வளையலோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மட்டும் ஒன்றும் இல்லை. "இந்தக் கைக்கு நீ வந்துதான் போடணும்னு சொல்லிட்டேன்" என்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் அழுகை நேரம் தவறி வந்ததற்காக இல்லை. மீன் சாகும் நேரத்தில் கண்மாயில் நின்றதற்காக இந்தக் கையைக் காக்க வைத்துவிட்டார்களே என்றுதான்.

"ஆய்வுக்குத் தொடர்பில்லாத வெளிப்பணி" பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் தங்கும் அந்த ஊரின் மந்தைத் திடலில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். உண்மைதான். அதை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. என்னைப் படுக்க வைத்துச் சோறு போட்டு, தண்ணீரில் இறங்கும்போது துணைக்கு நிற்கும் ஊருக்கு நான் வேறு என்ன கொடுப்பேன்? அதோடு, அந்த வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மடைச் சுவரில் நான் வரைந்த அளவுகோலைப் பார்த்துத் தினமும் நீர்மட்டத்தை ஒரு நோட்டில் எழுதுகிறாள். எட்டு மாதமாக ஒரு நாள் விடவில்லை. என் ஆய்வேட்டில் அந்த நோட்டு ஓர் அட்டவணையாக வரப்போகிறது. ஊரோடு பழகுவது ஆய்வுக்குத் தொடர்பில்லாதது என்று எழுதியவர் ஒரு முறை அந்த மந்தைக்கு வர வேண்டும்.

சனிக்கிழமை மதியம் எங்களுக்கென்று இருந்தது. துணி துவைப்போம், தூங்குவோம், நாலு மணிக்குப் பெண் ஆய்வாளர்கள் பத்துப் பேர் பூப்பந்து ஆடுவோம். வாரம் முழுக்க மனதில் அடைத்துக்கொண்டிருந்ததை அந்த ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்ப்போம். இப்போது வலை விடுதி மாடிப்படிக்கடியில் சுருட்டிக் கிடக்கிறது. இதைக் கேட்பதற்கு எனக்குக் கூச்சமில்லை. ஐந்தாறு வருடம் ஓட வேண்டிய ஓட்டத்தில் உடம்புக்கும் மனதுக்கும் வாரத்தில் ஒரு பொழுது வேண்டும்.

எனக்காவது ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை இருக்கிறது. 2023 ஜனவரியில் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய். ஆனால் பல்கலைக்கழகம் மாதாமாதம் உறுதி செய்தால்தான் அது கணக்கில் ஏறும். வருகை குறைவு என்று இரண்டு மாதமாக என் பெயர் உறுதி செய்யப்படவில்லை. மெஸ் பாக்கி நிற்கிறது. என் அறைத்தோழிக்கு எந்த உதவித்தொகையும் இல்லை. மாலையில் டியூஷன் எடுத்துத்தான் அவள் கட்டணம் கட்டினாள். ஐந்து மணிவரை வளாகத்தில் இருந்துவிட்டு ஏழு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்றால் டியூஷனுக்கு எப்போது போவாள்? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் அவளுடைய நேரத்தை மட்டும் எண்ணுவது எந்த நியாயம்? ஆண் ஆய்வாளர்கள் பத்து மணிக்கும் ஆய்வகத்தில் இருக்கலாம், நாங்கள் மட்டும் ஏழு மணிக்குக் கருவியை அணைத்துவிட்டு ஓட வேண்டும். அப்புறம் எங்கள் ஆய்வு ஏன் தாமதம் என்று எங்களையே கேட்கிறார்கள்.

மன்னிக்கவும், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. விடுதி நேரம் பற்றித் தனியாக மனு தருகிறோம்.

எங்களைக் கண்காணிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று என்ன செய்தோம் என்று காட்டுகிறோம். அங்கே எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். என் களநோட்டைத் தேதி தேதியாகப் புரட்டிப் பாருங்கள். விரல்ரேகைச் சுற்றறிக்கையை மட்டும் ஆய்வாளர்களுக்கு விலக்கிக்கொள்ளுங்கள். கழித்த 11 நாட்களைத் திரும்பச் சேர்த்து, நிறுத்திய இரண்டு மாதத்தையும் உறுதி செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நான் அடுத்து மாதிரி எடுக்கப்போவது வருகிற புதன், வியாழன். இரண்டு நாளும் காலை 5 மணிக்குக் கண்மாயில்தான் இருப்பேன். 9.45-க்குள் வந்து விரல் வைக்க முடியாது. அதற்கு முன் உங்கள் பதில் வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை முழுநேர ஆய்வாளர், இரண்டாம் ஆண்டு