அகற்றப்பட்டன என்று எழுதினீர்கள், அகற்றியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை உங்கள் நாளிதழின் நான்காம் பக்கத்தில் ஆறே வரியில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். "சாலையோரம் பட்டுப்போய் ஆபத்தான நிலையில் இருந்த மூன்று மரங்கள் அகற்றப்பட்டன. ஈடாகப் பத்து மடங்கு கன்றுகள் நடப்படும்." எங்கள் தெரு மரங்களைப் பற்றிய செய்தி அது. அந்த "அகற்றப்பட்டன" என்ற சொல் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. நான் 32 வருஷம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள். வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் பிள்ளைகள் "கண்ணாடி உடைஞ்சிடுச்சு டீச்சர்" என்றுதான் வந்து நிற்பார்கள், "நான் உடைச்சிட்டேன்" என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. பிள்ளைகள் அப்படிச் சொல்வது பயத்தால். ஒரு நாளிதழ் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? வெட்டச் சொன்னது யார், வெட்டியது யார் என்று கேட்காமலேயே எழுதிவிட முடிகிற ஒரு வாக்கியத்தை உங்கள் நிருபர் எங்கிருந்து எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளாட்சி அலுவலகம் கொடுத்த குறிப்பு அப்படியே அச்சாகியிருக்கிறது.

நடந்ததை நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு ரம்பச் சத்தம் கேட்டது. நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பாதிக் கிளைகள் தரையில் கிடந்தன. உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். வந்தவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "மேல சொன்னாங்கம்மா, நாங்க கூலிக்கு வந்தவங்க" என்றார் ஒரு பையன். அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் எந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாலும் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அனுப்பினார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

மூன்றுமே தூங்குமூஞ்சி மரங்கள். பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும், விடிந்தால் விரிக்கும். வெட்டித் தள்ளும்போது இருட்டு, அதனால் கிளைகளில் இலைகள் மூடியபடியே கிடந்தன. ஏழு மணி வாக்கில் வெயில் தெருவுக்குள் வந்தது. ஆசிரியர் அவர்களே, தரையில் கிடந்த அந்தக் கிளைகளில் இலைகள் ஒவ்வொன்றாக விரிந்ததை நான் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணும் பார்த்தாள், "மரம் எந்திரிச்சிடுச்சு" என்றாள். பட்டுப்போன மரத்தில் இலை ஏது, அது விரிவது ஏது? அடிமரத்தின் வெட்டுவாயில் கையை வைத்தேன், ஈரம் ஒட்டியது. நடுவில் கரும்பழுப்பாக வைரம் பாய்ந்திருந்தது, சுற்றிலும் வெளிர்மஞ்சள். ஒரு பொந்து இல்லை, செல் அரித்த தடம் இல்லை. பட்டுப்போன மரம் என்று உங்கள் செய்தியில் இருக்கிறது. யாராவது ஒருவர் வந்து பார்த்திருந்தால் அந்தச் சொல் அச்சில் ஏறியிருக்காது.

திங்கட்கிழமை அந்த உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். சாலைப் பிரிவில் கேட்டால் பூங்காப் பிரிவு என்றார்கள். பூங்காப் பிரிவில், கம்பியில் கிளை உரசுகிறது என்று மின்சாரத்துறை எழுதியிருக்கும், அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், நாங்கள் கிளையைக் கழிப்பதோடு சரி, மரத்தில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஒப்பந்ததாரர் பெயரையாவது கொடுங்கள் என்றதற்கு, "எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா, பாக்கலாம்" என்று பதில். எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை வாங்குவதற்குள் ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று மரங்கள் போயிருக்கின்றன, எந்த மேசையிலும் ஒரு கையெழுத்து இல்லை.

இந்த "ஆபத்து" என்ற பேச்சு எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் மனம் ஆறாது. ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் வடிகால் தோண்டினார்கள். தெருமுனை மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை இயந்திரத்தால் அறுத்தெறிந்துவிட்டுத்தான் பள்ளம் எடுத்தார்கள். மரத்துக்கு வேர் நேராகக் கீழே இறங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயேதான் இருக்கும், கிளைகள் விரிந்த எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும். அதை ஒரு பக்கம் அறுத்தால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஒரு காற்றுமழையில் அந்த மரம் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, அங்கே நின்றிருந்த கார் மேல் விழுந்தது. வேரை அறுத்தவர்களை யாரும் கேட்கவில்லை. "மரம் விழுந்தது" என்றுதான் அன்றைக்கும் செய்தி வந்தது. அதிலிருந்து எங்கள் தெருவில் நிற்கிற எல்லா மரமும் ஆபத்தான மரம் ஆகிவிட்டது. மிச்சமிருந்தவற்றுக்கு நடந்ததைக் கேளுங்கள். நடைபாதை போடுகிறோம் என்று அடிமரத்தைச் சுற்றி ஒரு விரற்கடை மண் விடாமல் சிமெண்ட்டைக் கொட்டினார்கள், தண்ணீர் எப்படி இறங்கும்? விளம்பரத் தகடு மாட்ட ஆணி அடித்தார்கள். கம்பிக்காக ஒரே பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துக்கொண்டே வந்தார்கள், மரம் மறுபக்கம் பாரம் தாங்கி நின்றது. குப்பையை மரத்தடியில் குவித்துத் தீ வைத்தார்கள். இத்தனையும் செய்துவிட்டு மரம் ஆபத்து என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மனு கொடுத்தேன், நகல்கள் என்னிடம் இருக்கின்றன.

சரி, பத்து மடங்கு கன்றுக்கு வருவோம். என் வீட்டு வாசல் மரத்தின் அடிமரத்தை நாடாவால் அளந்தேன். சுற்றளவு 283 சென்டிமீட்டர், அதாவது விட்டம் 90. இவர்கள் நடுகிற கன்றின் தண்டு 3 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் அதிகம். விட்டத்தில் முப்பது மடங்கு என்றால் குறுக்குப் பரப்பில் 900 மடங்கு. வெட்டிய மரத்துக்கு 900 கன்று நடுங்கள் என்று நான் கேட்கவில்லை, நடவும் இடமில்லை. பத்து என்ற எண்ணை எந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? அந்தப் பத்தும் பிழைக்கும் என்பதற்கு என்ன உறுதி? நான்கு வருஷத்துக்கு முன் மேடை போட்டு, போட்டோ எடுத்து, எங்கள் பகுதியில் 40 கன்று நட்டார்கள். உங்கள் இதழிலும் படம் வந்தது. போன வாரம் நடந்தே போய் எண்ணினேன். உயிரோடு இருப்பவை 3. மற்ற இடங்களில் கூண்டு மட்டும் நிற்கிறது, அதிலும் சிலவற்றை எடுத்துப் போய்விட்டார்கள். நட்ட பிறகு முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அதற்கு ஆளும் போடவில்லை, பணமும் ஒதுக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது எதிர்வீட்டுப் பெரியவர், 78 வயது.

மக்கள் கேட்டால் ஒன்றும் ஆகாது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். அப்படியில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற நகரத்தில் 2012-ல் சாலைப் பராமரிப்பை 25 வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டார்கள். அடுத்த சில வருஷங்களில் 5,000-க்கும் மேற்பட்ட தெரு மரங்களை வெட்டினார்கள். நோய், ஆபத்து, இடையூறு என்று அங்கேயும் இதே காரணங்கள்தான். 2016 நவம்பரில் ஒரு தெருவுக்கு விடியுமுன்பே ரம்பத்தோடு வந்து, தடுத்து நின்ற எழுபது வயதைத் தொட்ட பெண்கள் இருவரைக் கைது செய்தார்கள், வழக்கைப் பிறகு கைவிட வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்துக்குள் 17,500 மரங்களை வெட்டிவிட்டு வேறு நடுவது என்று ஒரு எண் இருந்தது, மக்கள் தகவல் கேட்டுப் போராடிய பிறகுதான் 2018-ல் அது வெளியே வந்தது. கடைசியில் தனி விசாரணை நடந்து, 2023-ல் அறிக்கை வந்து, நகர நிர்வாகம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. தடுத்து நின்றார்கள், விடாமல் காகிதத்தையும் கேட்டார்கள். அப்படிக் காகிதத்தைக் கேட்டு வாங்க ஒரு தெருவுக்குச் சக்தி போதாது, ஒரு நாளிதழுக்கு உண்டு. 30 வருஷமாக உங்கள் இதழை வாங்குகிற வாசகி என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன், வேறு எந்தத் தைரியத்திலும் அல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மரங்கள் பட்டுப்போனவை அல்ல என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். மீதி இருக்கிற மரங்களில் எதை வெட்டுவதானாலும் பதினைந்து நாள் முன்பே அந்த மரத்திலேயே காரணமும், பார்வையிட்டவர் பெயரும், உத்தரவு போட்டவர் பெயரும் எழுதி ஒரு அறிவிப்புக் கட்டச் சொல்லி உங்கள் நிருபர் நிர்வாகத்திடம் கேட்கட்டும், என்ன பதில் வந்தது என்பதையும் போடுங்கள். பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்று போடுங்கள். அப்புறம், முப்பது கன்று நடுவதாகச் சொல்லியிருக்கிறார்களே, நட்டார்கள் என்றால் அடுத்த வருஷம் இதே மாதம் ஒரு நிருபரை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். எண்ணுவதற்கு நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை