உயர்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

தமிழ்மொழி மூலம் அரசறிவியலும் வரலாறும் பயின்று பொதுக் கலைமாணிப் பட்டம் பெற்றவள் நான். கலைப் பட்டதாரிகளின் வேலையின்மை பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தின் முன்னால் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஆர்ப்பாட்டங்கள் அதைச் சொல்லிவிட்டன. பட்டத்துக்கு மேல் எந்தத் தொழில்முறைச் சான்றிதழைப் படித்தால் பயன் உண்டு, எதற்குப் பணம் கட்டுவது வீண் என்று தீர்மானிக்க எங்களைப் போன்றவர்களுக்கு நம்பத்தக்க வழி எதுவும் இல்லை என்பதே என் முறைப்பாடு.

சென்ற மாதம் ஒரு நேர்முகப் பரீட்சையில் என் பட்டச் சான்றிதழை ஒரு பார்வை பார்த்து ஒதுக்கி வைத்த அதிகாரி, "இதைத் தவிர வேறு என்ன கோர்ஸ் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் காலி வீதியில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குப் போனேன். மனிதவள முகாமைத்துவ டிப்ளோமா ஒன்றின் துண்டுப்பிரசுரத்தைத் தந்தார்கள். முன்பக்கத்தில் "மட்டம் 5" என்று பெரிய எழுத்து, அதன் கீழே ரூபாயில் வகுப்புக் கட்டணம். பின்பக்கத்தில், கண்ணருகே பிடித்து வாசிக்க வேண்டிய எழுத்தில், பதிவுக்கும் பரீட்சைக்கும் பவுணில் கட்டணம். எந்த நாட்டின் மட்டம் 5 என்று கேட்டேன். "ஐந்து என்றால் ஐந்துதான் மிஸ், எல்லா இடத்திலும் எடுபடும்" என்றார் அங்கிருந்த ஆலோசகர்.

அது அப்படி அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். உயர்கல்வித் தகைமைகளை வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் மட்டம் 5 என்பது பொதுப் பட்டம், மட்டம் 6 சிறப்புப் பட்டம். தொழிற்பயிற்சிக்கான தேசிய தொழிற் தகைமையில் மட்டம் 5 ஒரு டிப்ளோமா. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் அதற்கு நிகரானது மட்டம் 3. இங்கிலாந்தின் தகைமை ஏணியிலோ இளமாணிப் பட்டம் மட்டம் 6 இல் இருக்க, மட்டம் 5 அதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. அதாவது, ஏற்கெனவே பட்டம் பெற்ற என்னிடம், அதைவிடத் தாழ்ந்த ஒரு தகைமையை உயர்வு என்று சொல்லி விற்க முயன்றிருக்கிறார்கள். மட்டம் தாழ்ந்திருந்தாலும் வேலை தரும் சான்றிதழ் படிக்கத் தக்கதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவதற்கு எங்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: இந்நாட்டில் கற்பிக்கப்படும் தொழில்முறைச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் ஏற்கப்படுகிறது, படித்து முடிக்க மொத்தம் எவ்வளவு செலவாகும், முடித்தவர்களுக்கு எத்தகைய வேலை கிடைத்திருக்கிறது என்பவற்றை மும்மொழிகளிலும் ஒரே இடத்தில் வெளியிடுங்கள்.

கணக்கியல் துறையில் நிலைமை ஓரளவு தெளிவு. சீமா, ஏ.சி.சி.ஏ. போன்ற பிரித்தானியக் கணக்கியல் தகைமைகளின் பெயரை வேலை விளம்பரங்களே கேட்கின்றன. முகாமைத்துவப் பட்டதாரிக்குச் சில பாடங்களில் விலக்களிப்பும் கிடைக்கிறது, அந்த விலக்களிப்புக்கும் கட்டணம் உண்டு என்றாலும். அரசறிவியல் படித்தவளோ அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய பவுணும் கூடவே ஏறியது. அந்த ஆண்டில் பாதிப் பரீட்சைகளோடு நிறுத்தியவர்கள் என் அயலிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய பணம் போனது போனதுதான்.

1945 இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. அதன் பயனால்தான் என் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி பல்கலைக்கழகம் போனாள். அந்தப் பட்டம் வேலைக்குப் போதாது என்றால், பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் அதை உள்ளே நுழையும் நாளில் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 2020 இல் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாக எடுத்தீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே கணினிக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு தொழிற் தகைமைக்கும் செலவிட்டிருந்தால் எத்தனை பேர் இந்தத் துண்டுப்பிரசுரங்களின் முன்னால் நிற்காமல் தப்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தை இந்த மடலில் கொட்டுவது என் நோக்கமன்று. ஒரு சான்றிதழின் மட்டத்தை விளம்பரத்தில் குறிப்பிடும் எந்த நிறுவனமும் அது எந்தக் கட்டமைப்பின் மட்டம் என்பதையும், வெளிநாட்டுப் பணத்தில் உள்ளவை உட்பட எல்லாக் கட்டணங்களின் கூட்டுத்தொகையையும், அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். மேலே கேட்ட பட்டியலைத் தமிழிலும் வெளியிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் அது மிகவும் தேவைப்படுகிறவர்களின் கைக்கு வந்து சேராது. அடுத்த பட்டமளிப்பு விழாக்களுக்கு முன்னர் இதைச் செய்து தருமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கலைப் பட்டதாரி ஒருத்தி
கொழும்பு 06