சிரித்துச் சொன்னாலும் பாதத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னிமலையில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான், வயது 74. கால் வலிக்கிறது, கால் மரத்துப் போகிறது என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகும் முதியவர்களின் பாதத்தைப் பெரும்பாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்ற ஒன்றைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கண் புரைக்கு முகாம் நடக்கிறது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடக்கிறது. பாதத்துக்கென்று ஒரு முகாம் நடந்து நான் பார்த்ததில்லை.

மலையடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் மாலை வேளைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எங்களில் பலர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் குழித்தறியில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மிதித்தவர்கள். போர்வையும் சேலையும் கையால் நெய்ததாகச் சொல்கிறார்கள். அதில் பாதி கால் நெய்தது என்பது நெசவாளருக்குத் தெரியும். கிருத்திகை தவறாமல் 1,320 படியும் ஏறி முருகனைக் கும்பிட்டு வந்தவர்கள் இன்று முதல் படியில் கையை வைத்துக் கும்பிட்டுத் திரும்புகிறோம். ஆகவே எங்கள் பேச்சில் அரசியலுக்கும் மழைக்கும் முன்னால் கால்தான் வரும்.

அந்தப் பேச்சு அழுகையாக வராது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்களில் மூத்தவர், 79 வயதுக்காரர், இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர், தம் இரண்டு கால்களையும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி என்பார். "இன்னைக்குப் பங்காளிக ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லீங்க. பெரியவன் வடக்க போங்கறான், சின்னவன் தெக்க இழுக்கறான்" என்று சொல்லிக்கொண்டேதான் திண்ணையில் வந்து உட்காருவார். எண்பதைத் தாண்டிய என் அக்கா தம் குதிகாலைத் தூக்கிக் காட்டி, "கீழ்பவானி வாய்க்காலாட்டம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது சாமி, தண்ணி உட்டா கடைமடை வரைக்கும் போயிச் சேரும்" என்பார். இந்தச் சிரிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். இரவு முழுவதும் பாதம் காந்தித் தூங்காதவர் மறுநாள் மாலை மரத்தடிக்கு நடந்து வருவதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். மாத்திரை செய்யாததை அது செய்கிறது. ஆனால் அதே சிரிப்பு மருத்துவரின் அறைக்குள் எங்களுக்குக் கேடாக முடிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் அந்தப் பெரியவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வாசலில் செருப்பை வெளியே விடச் சொல்லி எழுதியிருந்தது. விட்டுவிட்டு, வெயில் காய்ந்த சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலோடு நடந்து உள்ளே போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் எங்கள் முறை வந்தது. "என்னங்கய்யா பண்ணுது?" என்று கேட்டார் மருத்துவர். பெரியவர் பழக்கதோஷத்தில், "பங்காளிக்குள்ள தகராறுங்க டாக்டர். கீழ பஞ்சு மெத்தை போட்டுட்டாப்பல இருக்குது, மெதிச்சா நெலம் தெரிய மாட்டீங்குது" என்றார். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார், செவிலியரும் சிரித்தார், நானும் சிரித்தேன். "வயசாச்சுல்லங்கய்யா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பழைய சர்க்கரை மாத்திரையோடு ஒரு சத்து மாத்திரையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். மேசைக்கு மேலே தெரிந்த முகத்தோடு பேசி அனுப்பினாரே தவிர, மேசைக்குக் கீழே இருந்த பாதத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. அது என் மனத்தில் இன்றும் உறுத்துகிறது.

பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது என்பது, பாதத்து நரம்பு உணர்வை இழந்து வருகிறது என்பதற்கு நோயாளியின் வாயிலிருந்து வரும் தெளிவான அறிகுறிகளில் ஒன்று என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் காந்துது, மதமதங்குது, கடுக்குது, குத்துது என்று வெவ்வேறு சொற்களைச் சொல்கிறார்கள் என்றால் அவை வெவ்வேறு செய்திகள். எல்லாவற்றையும் 'கால் வலி' என்று ஒரே சொல்லில் சீட்டில் எழுதிவிடுவதால் அந்தச் செய்தி அங்கேயே தொலைந்து போகிறது.

பதினொரு நாள் கழித்து, பெரியவர் மரத்தடியிலிருந்து வீடு திரும்பி முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது, வெள்ளை டைல்ஸ் தரையில் ஒரு தடம் விட்டு ஒரு தடம் சிவப்பாகப் பதிந்திருப்பதை அவருடைய பேத்திதான் பார்த்தாள். "தாத்தா, குங்குமத்த மெதிச்சுட்டீங்களா?" என்று கேட்டாளாம். வலது காலைத் திருப்பிப் பார்த்தால் பெருவிரலின் அடியில் கிழிந்து சீழ் வைத்திருந்தது. வாரைத் தைத்தபோது அடித்த சிறிய ஆணி செருப்பின் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் எத்தனை நாள் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்? புண் எலும்புவரை போய்விட்டதால் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் அந்தப் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஆணி குத்தியது சர்க்கரையின் குற்றமென்றும் முதுமையின் குற்றமென்றும் அங்கே ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் உணர்விழந்து வருகிறார் என்பதைப் பதினொரு நாள் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தால், வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் பாதத்தையும் செருப்பையும் பாருங்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்பியிருந்தால், அந்த விரல் இன்று காலில் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இந்தச் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த ஒரு நைலான் இழை போதும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தின் சில இடங்களில் அந்த இழை வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் காவல் இல்லை என்று பொருள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது இன்னொரு முறை. புறங்காலிலும் கணுக்காலின் உட்புறத்துக்குப் பின்னாலும் நாடித் துடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தால் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா, நகம் சதைக்குள் வளர்கிறதா, காலாணி இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணும் வெளிச்சமும் இருந்தால் போதும். காலாணிக்கு எருக்கம்பால் விடுகிறவர்களும், பிளேடால் சீவுகிறவர்களும், கடையில் விற்கும் காலாணி பிளாஸ்திரியை ஒட்டிக்கொள்கிறவர்களும் எங்கள் பக்கம் ஏராளம். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். சர்க்கரை உள்ளவர் அதை ஒட்டினால் நல்ல தோலும் சேர்ந்து வெந்து புண்ணாகிவிடக்கூடும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

என் சொந்த அனுபவம் வேறு வகைப்பட்டது. ரத்த அழுத்தத்துக்காக நான் சாப்பிட்டுவந்த அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாகக் கூட்டிய இரண்டாவது மாதத்தில் என் இரண்டு கணுக்கால்களும் வீங்கத் தொடங்கின. காலையில் தளர்வாக இருந்த செருப்பு வார் மாலையில் சதைக்குள் புதைந்து தடம் போட்டது. இதைச் சொன்னதும், என் காலைப் பார்க்காமலே, நீர் பிரியும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார்கள். சில வாரங்களில் ஒரு நள்ளிரவு வலது பெருவிரலின் மூட்டு பழுத்த மிளகாய்போல் சிவந்து, வேட்டி நுனி பட்டாலே உயிர் போகிற அளவுக்கு வலித்தது. அதற்கு ஓர் ஊசியும் பதினைந்து நாளுக்கு வலி மாத்திரையும் கொடுத்தார்கள். அழுத்தம் ஏறியது; மாத்திரைப் பையும் கனத்தது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியவர் ஓர் இளம் பெண் மருத்துவர். நான் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னார். எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. பிறகு என் மாத்திரைகளையெல்லாம் மேசையில் பரப்பி, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரிசையாக வைக்கச் சொன்னார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பேரேடு எழுதிய எனக்கு அந்த வரிசையைப் பார்த்தவுடனே கணக்கு புரிந்துவிட்டது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு; நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடும், அது மிகுந்தால் பெருவிரல் மூட்டில்தான் பெரும்பாலும் முதலில் வெடிக்கும்; வலி மாத்திரையோ முதியவரின் சிறுநீரகத்துக்குச் சுமை, ரத்த அழுத்தத்தையும் கூட்டும். ஒரு மாத்திரையின் விளைவைப் புது நோயென்று எண்ணி அடுத்த மாத்திரை, அதன் விளைவுக்கு இன்னொன்று என்று என் கால் மூன்று மாத்திரைகளைச் சுமந்திருக்கிறது. அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்; சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவர் செய்ய வேண்டியவை. அவர் எனக்காகச் செலவிட்ட நேரம், ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம்கூட இருக்காது.

மருத்துவர்களுக்கு இருக்கும் கூட்டமும் நெருக்கடியும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் நேரமில்லை என்பதை மட்டும் காரணமாக நான் ஏற்கவில்லை. 'வயசானால் அப்படித்தான்' என்ற எண்ணம் அதைவிடப் பெரிய காரணம். 79 வயதில் நெஞ்சு வலித்தால் ஈசிஜி எடுக்கிறவர்கள், 79 வயதில் கால் மரத்தால் வயதைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று அதன் 20-ஆவது பிரிவு சொல்கிறது. 1978-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் வி.எஸ். நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கிவிட்டார். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து அது சுமார் 400 கிலோமீட்டர். பேருந்துப் படியில் கால் வைக்கவே தயங்குகிறவர் கிண்டிக்கு எப்படிப் போவார்? சர்க்கரை நோயாளிகளுக்காகத் தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. பெயர் மிகச் சரியான பெயர். அந்தப் பாதுகாப்பு வட்டார மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் அன்றாட வழக்கமாக வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையோடு வீடு தேடி வருகிற சகோதரிகளும் திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை எங்கள் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் இன்னொன்றையும் வேண்டிக் கேட்கிறேன். செருப்பை வெளியே விடச் சொல்லும் பலகையை எடுத்துவிடுங்கள். சுத்தம் முக்கியம் என்றால் உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு கொடுங்கள். உணர்விழந்த பாதத்தை வெறுங்காலாக நடக்கவிடுவது வேறெங்கு நடந்தாலும் மருத்துவமனையில் நடக்கக் கூடாது. மருத்துவரின் அறையில் உயரம் குறைந்த ஒரு முக்காலியும் கால் வைக்க ஒரு பலகையும் இருக்கட்டும். முறை வருவதற்கு முன்பே செவிலியர் காலுறையைக் கழற்றி உட்கார வைத்துவிட்டால் மருத்துவரின் நேரமும் மிச்சமாகும்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மரத்தடியில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை எந்த மருத்துவரும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உள்ளே போனால் மட்டும் எந்தக் கால், எந்த விரல், எத்தனை நாளாக, என்ன பண்ணுகிறது என்பதை நேராகச் சொல்லுவோம்.

பெரியவர் இப்போது, உணர்விழந்த பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு போடுகிறார். சிறுவயதில் களத்துமேட்டில் தேளுக்குப் பயந்து செருப்பைத் தட்டிப் போட்ட பழக்கம் திரும்ப வந்துவிட்டது. போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். "பெரியவனுக்கு ஒரு பங்கு கொறஞ்சு போச்சுங்க, சின்னவன் இன்னும் கேஸ் போடல" என்று புதிதாக ஒன்றும் சொல்லத் தொடங்கியிருக்கிறார். வருகிற புதன்கிழமை அவரை மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். "இடது காலும் மரத்துப் போகிறது, பாதத்தைப் பாருங்கள்" என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மருத்துவர் பார்த்து முடித்த பிறகுதான் பங்காளிக் கதையைச் சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.